ஸ்லாட் இரண்டு

குன்னூரில் வாங்கியது, பேங்க் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்.
பக்கவாட்டில் சொத்து எண் ஸ்டிக்கர் இன்னும் உரியவில்லை.
ஆட்டம் இதற்காக எழுதப்பட்டதல்ல.
யார் யார் வீட்டிலோ டிவிக்குக் கீழே உட்கார்ந்திருந்த
கறுப்புப் பெட்டிக்காக எழுதியது.
அந்தப் பெட்டியை நாங்கள் இருவருமே தொட்டதில்லை.
எமுலேட்டர் தினமும் ஆட்டத்திடம் பொய் சொல்கிறது:
நீ உன் வீட்டில்தான் இருக்கிறாய், ஓடு.
அது நம்பி ஓடுகிறது.

நான் இரவு இரண்டு மணிக்கு
நெற்றியில் டார்ச் கட்டி கேரட் பிடுங்கப் போகிறவள்.
கேத்தி பாலாடாவில் அந்நேரம் பள்ளம் முழுக்க
தலைகள் மட்டும் மினுங்கும்.
கழுவி ஏற்றிய மூட்டைகளை
யோகராசா மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டு வரும்போது
எனக்குக் கண் சொருகும்.
ஆகவே குடித்தனம் ஆட்டத்துக்குள்.
ஸ்லாட் ஒன்று அவனுக்கு, மூன்று எனக்கு,
இரண்டு பொது.
ராத்திரி அவன் விட்ட இடத்தில்
மத்தியானம் நான் தொடங்குவேன்.
ஒருமுறை வாளை விற்று மீன் வாங்கி வைத்திருந்தான்.
எட்டு நாள் பேச்சில்லை.
பேச நேரமில்லை என்பது வேறு.

கோயமுத்தூரில் இந்தப் பெட்டி சூடேறி நின்றுவிடுமாம்.
இங்கே அதன் முதுகுச் சூட்டில் பூனை படுத்திருக்கும்.
ஈரமண்ணில் விறைத்த விரல்களை
நானும் அங்கேதான் நீட்டுவேன்.

எலும்புப் படை இருபது பேர் சேர்ந்து வருகையில்
அசல் பெட்டி திணறுமாம்,
ஆட்டம் பாகில் விழுந்த ஈயாய் நகருமாம்,
அந்தத் திணறலில்தான் பிழைக்க வழியாம்.
எங்கள் பெட்டிக்கு வேகம் உண்டு, இரக்கமில்லை.
பதினாறு ராத்திரி செத்தபின்
செட்டிங்கில் துழாவி
திணறலைத் திரும்பக் கொண்டுவந்தான் யோகராசா.
"கொறையும் சேர்ந்தாத்தான் அது அதுவா இருக்கும்" என்றான்.
பத்து வயதில் கண்டியிலிருந்து வந்த அவன் அம்மா
இன்றும் பேக்கரியில் பாண் கேட்டு
பையன் விழிக்க நிற்பாள்.

கன்ட்ரோலரில் இடது குச்சி தேய்ந்துபோனது.
கையெடுத்தால் ஆள் தானாக இடப்பக்கம் நடப்பான்.
இடப்பக்கம் எப்போதும் பள்ளம்.
"நம்ம லாரி ஸ்டியரிங்கும் இப்படித்தான்" என்று சிரிப்பான்.
நான் சிரித்ததில்லை.

ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை.
பர்லியார் பக்கம் மண் சரிந்தது என்றார்கள்.
எத்தனை வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை.
அவன் போன் எடுக்கவில்லை, பிறகு அடிக்கவுமில்லை.

ஸ்லாட் இரண்டைத் திறந்தேன்.
ஆள் அந்தரத்தில் இருந்தான்.
இரண்டு கோபுரத்துக்கு நடுவே
கால் இரண்டும் மடங்கி,
கீழே அடி தெரியாத கறுப்பு.
கரண்ட் போகுமுன் பல்பு ஒருமுறை மங்கும்,
அந்த மங்கலில் சேமித்திருக்கிறான்.

விழுந்தேன்.
மறுபடி திறந்தேன், விழுந்தேன்.
இடது குச்சியைக் கட்டைவிரலால் எதிர்த்து அழுத்தியபடி
எண்ணுவதை விட்டபின் ஒருதரம்
அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டான்.
ஒரு கதவு. ஒரு விளக்கு.
இதுவரை கேட்காத ஒரு மெட்டு.
சற்று நேரம் நின்றேன், நானும் அவனும்.

சேமிக்கவில்லை.
ஸ்லாட் இரண்டையே திரும்பத் திறந்து
அவனை அந்தரத்தில் ஏற்றி
பாஸ் போட்டேன்.
பாஸில் குச்சி எவ்வளவு இழுத்தாலும்
ஆள் நகரமாட்டான்.
அன்றைக்கென்று கரண்ட் போகவில்லை.

விடிகாலை நாலரைக்கு
முழங்கால்வரை சேறோடு வந்தான்.
லாரி அங்கேயே நிற்கிறதாம், கேரட் அழுகப்போகிறதாம்,
காட்டேரிவரை நடை, அப்புறம் யாரோ பால்வண்டியில்.
துண்டை எடுத்துக்கொடுத்தேன்.
தலை துவட்டியபடியே திரையைப் பார்த்தான்.

"நீ இன்னும் தாண்டலையா?"

இல்லை என்றேன்.
வெந்நீர் வைக்கப் போனேன்.